காற்று ஏறுவதற்கு முன்: புயல் காலத்தில் கப்பல் ஓட்டும் அனுபவம்

கடலில் வேலை என்று சொன்னால் அடுத்து வரும் கேள்வி, "புயலில் மாட்டியிருக்கிறீர்களா?" என்பதுதான். மாட்டாமல் விலகிப் போன கதையை யாரும் கேட்பதில்லை. சரக்குக் கப்பல்களில் டெக் அதிகாரியாக இருந்து வரும் எனக்கோ அந்தக் கதையைத்தான் சொல்லத் தோன்றுகிறது. புயலிலிருந்து தப்பிக்கும் முடிவை அலை மேலே ஏறி அடிக்கும்போது எடுப்பதில்லை. வெயில் சுள்ளென்று அடிக்க, கடல் தட்டையாகக் கிடக்க, ஆட்கள் டெக்கில் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும் நாளில் எடுக்கிறோம். அன்றைக்கு அந்த முடிவு பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகக்கூடத் தெரியும்.

கணக்கு எளிது. சரக்கு ஏற்றிய ஒரு பல்க் கேரியர் (தானியம், நிலக்கரி போன்றவற்றைக் கொட்டி ஏற்றும் கப்பல்) நல்ல கடலில் 12, 13 நாட் வேகம் போகும்; ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். எதிர்க்காற்றும் பெரிய அலையும் வந்துவிட்டால் அதே கப்பல் 4, 5 நாட்டுக்கு இறங்கிவிடும். வெப்பமண்டலப் புயலோ தாழ்ந்த அட்சரேகைகளில் 10 முதல் 15 நாட் வேகத்தில் நகரும். வடக்கே போய் வளைந்து திரும்பியபின் 25 நாட்டைத் தாண்டுவது சாதாரணம். ஓடி ஜெயிக்க முடியாது. ஆனால் 48 மணி நேரம் முன்னால் முடிவெடுத்து 10 டிகிரி மட்டும் திருப்பினால், 13 நாட் வேகத்தில் பழைய பாதையிலிருந்து 100 கடல் மைலுக்கு மேல் விலகிவிடலாம். அதே 100 கடல் மைலைக் காற்று ஏறிய பிறகு வாங்க முடியாது.

ஒருமுறை பிலிப்பைன் கடலில் ஜப்பானை நோக்கி வடக்கே போய்க்கொண்டிருந்தோம். தூரக் கிழக்கே ஒரு தாழ்வு மண்டலம் உருவாகி மேற்கு வடமேற்காக நகர்கிறது என்று செய்தி வந்தது. எங்களைச் சுற்றி வானம் தெளிவு, காற்று லேசு. முதலில் தகவல் சொன்னது கடல்தான். காற்று எழுப்பும் சின்ன அலைகளுக்கு அடியில், கிழக்கிலிருந்து நீளமான, வழவழப்பான ஸ்வெல் (தூரத்துக் காற்று எழுப்பி ஓடி வரும் அலை) ஒன்று வரத் தொடங்கியது. உயரம் அதிகமில்லை. இரண்டு முகடுகளுக்கு இடையிலான நேரம்தான் கவலை தந்தது.

அந்த நேரத்தை அளக்க ஒரு வழி உண்டு. பிரிட்ஜின் (கப்பலை ஓட்டும் அறை) பக்கவாட்டு இறக்கையில் நின்று, கப்பலிலிருந்து சற்றுத் தள்ளி மிதக்கும் ஒரு நுரைத் திட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது மேலே வந்து, இறங்கி, மறுபடி மேலே வரும் வரை ஸ்டாப்வாட்சை ஓட விட வேண்டும். பத்து தடவை அளந்து சராசரி எடுப்பது நல்லது. கப்பலின் முகப்பு ஏறி இறங்குவதை வைத்து அளந்தால் நம் வேகமும் சேர்ந்து குழப்பிவிடும். அன்று வந்தது 14 விநாடி. உள்ளூர்க் காற்று எழுப்பிய அலைக்கு 4, 5 விநாடிதான் இருந்தது. 14 விநாடி ஸ்வெல்லை அந்த லேசான காற்று செய்திருக்க முடியாது.

ஆழ்கடலில் அலைக் கூட்டம் நகரும் வேகம், நாட் கணக்கில், அதன் விநாடிகளைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. 14 விநாடி என்றால் 21 நாட், அதாவது ஒரு நாளைக்கு 500 கடல் மைல். புயல் 12 நாட்டில் நகர்ந்தால் ஸ்வெல் அதைத் தாண்டி ஓடி வந்துவிடும். எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, அந்த அலை புறப்பட்ட நேரத்தில் புயல் இருந்த திசை அதுதான். மணிக்கணக்கில் பார்த்தும் திசை மாறாமல் உயரம் மட்டும் கூடிக்கொண்டே போனால் புயல் நேராக நம் பக்கம் வருகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பாரோமீட்டர். வெப்பமண்டலக் கடலில் காற்றழுத்தத்துக்கு ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. உள்ளூர் நேரம் காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் உச்சம்; அதிகாலை 4 மணிக்கும் மாலை 4 மணிக்கும் தாழ்வு. இரண்டுக்கும் இடையே 3 மில்லிபார் (காற்றழுத்தத்தின் அலகு) அளவுக்கு வித்தியாசம் இருக்கும். புதிதாக வருபவர்கள் மதியத்துக்குப் பின் முள் இறங்குவதைப் பார்த்து பயப்படுவார்கள். அது தினமும் இறங்குவதுதான். பயப்பட வேண்டியது காலை 10 மணிக்கு ஏற வேண்டியது ஏறாமல் நிற்கும்போது. அன்று காலை 1009 என்று எதிர்பார்த்த இடத்தில் 1006 நின்றது. நாள் ஒழுங்கையும் உயரத்தையும் திருத்திப் பார்த்த பிறகும் அந்தப் பகுதிக்கு, அந்த மாதத்துக்கு உரிய சராசரியைவிட 3 மில்லிபார் குறைந்தால் புயலைச் சந்தேகப்படு, 5 குறைந்தால் சந்தேகமே வேண்டாம் என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. செயற்கைக்கோள் படம் வந்த பிறகும் இதை நான் விட்டதில்லை.

உயரத் திருத்தத்தை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். கடல் மட்டத்துக்கு அருகே சுமார் 8 மீட்டர் ஏறினால் 1 மில்லிபார் குறையும். பிரிட்ஜ் 30 மீட்டர் உயரத்தில் இருந்தால் கருவி எப்போதுமே 3, 4 மில்லிபார் குறைத்துத்தான் காட்டும். இதைத் திருத்தாமல் பார்த்தால் தினமும் ஒரு புயல் வரும்.

அப்புறம் வரைபடம். எச்சரிக்கைச் செய்தியில் மையத்தின் இப்போதைய இடம், 24, 48, 72 மணி நேரத்தில் எதிர்பார்க்கும் இடங்கள், 34 நாட்டும் அதற்கு மேலும் வீசும் காற்று எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதெல்லாம் வரும். அந்தப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்ததும் மனம் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொள்கிறது. கோட்டிலிருந்து 200 கடல் மைல் தள்ளிப் போகிறோம், போதும் என்று தோன்றும். புயல் அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. அமெரிக்கத் தேசியப் புயல் மையம் கப்பல்காரர்களுக்குச் சொல்லித் தரும் 1-2-3 விதி இங்கேதான் கைகொடுக்கும். முதல் நாள் இடத்துக்கு 100, இரண்டாம் நாளுக்கு 200, மூன்றாம் நாளுக்கு 300 கடல் மைல் பிழை இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, அதை 34 நாட் காற்றின் ஆரத்தோடு கூட்டி வட்டம் போட வேண்டும். அந்த வட்டங்களுக்குள் நம் கப்பல் இருக்கக் கூடாது. இன்று பாதைக் கணிப்பு அந்த விதி உருவான காலத்தைவிட எவ்வளவோ மேல். இந்த வட்டங்கள் ரொம்பப் பெரிசு என்று இளைய அதிகாரிகள் சொல்வதுண்டு. இருக்கட்டும். அளவு கூடிப்போனால் எரிபொருள் கொஞ்சம் செலவாகும், அவ்வளவுதான்.

எங்கள் கேப்டன் வட்டங்களைப் போட்டார். 34 நாட் ஆரம் 180, அதோடு 200. ஆக 380 கடல் மைல் வட்டத்துக்குள் எங்கள் இரண்டாம் நாள் இடம் விழுந்தது. கரையிலிருந்து வழித்தட ஆலோசனை தரும் நிறுவனம் ஒன்று, வேகம் குறைக்காமல் வடக்கே போனால் புயலுக்கு முன்னால் குறுக்கே கடந்துவிடலாம் என்று எழுதியிருந்தது. தாளில் அது சரியாகத்தான் இருந்தது. துறைமுகத்தில் கப்பல் கட்ட இடம், சரக்கு ஆட்கள், தேதி எல்லாம் அந்த யோசனையின் பக்கம்.

கேப்டன் கேட்டது ஒன்றுதான். கடக்கும் நேரத்தில் எஞ்சின் ஆறு மணி நேரம் நின்றால் நாம் எங்கே இருப்போம்? சீஃப் இன்ஜினியர் பதில் சொல்லவில்லை. கப்பலைத் தெற்கே திருப்பி, வேகத்தைக் குறைத்து, புயலை எங்களுக்கு வடக்கே போக விட்டோம். மூன்றாம் நாள் அது வளைந்து வடகிழக்காகத் திரும்பி வேகமெடுத்தது. முன்னால் கடந்திருந்தால், ஜப்பான் வரை எங்கள் முதுகிலேயே எங்களைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் வந்திருக்கும். குறுக்கே கடந்து விட்டோம் என்பதோடு விஷயம் முடிவதில்லை. புயல்கள் வளைந்து திரும்பும் பக்கத்தில்தான் அப்போது நாம் இருப்போம்.

தெற்கே காத்திருந்த அந்த நேரத்தில் பாடப் புத்தகத்தில் படித்தது கண்முன்னே நடந்தது. புயல் எங்களுக்குக் கிழக்கே இருந்தபோது காற்று வடக்கிலிருந்து வந்தது. பிறகு வடமேற்கு, அப்புறம் மேற்கு. வட அரைக்கோளத்தில் உண்மையான காற்றை முகத்தில் வாங்கி நின்றால் புயல் மையம் வலது கைப் பக்கம், சற்றுப் பின்னால் இருக்கும். தென் அரைக்கோளத்தில் இடது கைப் பக்கம். டச்சு வானிலையாளர் பைஸ் பாலட் 1857-இல் வெளியிட்ட விதி இது. இன்டர்நெட் போனாலும், ரேடார் மழையில் வெளுத்துப் போனாலும் இது வேலை செய்யும். காற்று இடஞ்சுழியாகத் திரும்பிக்கொண்டே போனதால் புயல் நகரும் திசையைப் பார்த்து நின்றால் அதன் பாதைக்கு இடப்பக்கம் இருக்கிறோம் என்று தெரிந்தது. வட அரைக்கோளத்தில் ஆபத்து குறைந்த பாதி அது.

வலப்பக்கப் பாதி ஏன் மோசம் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு: சுழலும் காற்று 80 நாட், புயல் நகரும் வேகம் 15 நாட் என்றால் வலப்பக்கம் இரண்டும் கூடி 95-க்குப் போகும், இடப்பக்கம் 65-க்கு இறங்கும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் கப்பல் மேல் விழும் அடி இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அதோடு அந்தப் பக்கத்துக் காற்று கப்பலைப் புயலின் பாதைக்குள்ளேயே தள்ளும். வலப்பக்கப் பாதியில் மாட்டிக்கொண்டால் காற்றை வலது முகப்பில் வைத்து, காற்று வலஞ்சுழியாகத் திரும்பத் திரும்பக் கப்பலையும் வலப்பக்கம் திருப்பிக்கொண்டு முடிந்த வேகத்தில் விலக வேண்டும். இடப்பக்கப் பாதியிலோ நேர் பாதையிலோ இருந்தால் காற்றை வலப்பக்கப் பின்புறம் வாங்கிக்கொண்டு, இடப்பக்கமாகத் திருப்பியபடி விலக வேண்டும். காற்றின் திசை மாறவே இல்லை, அழுத்தம் மட்டும் இறங்குகிறது என்றால் நேர் பாதையில் நிற்கிறோம். தென் அரைக்கோளத்தில் இடம் வலம் எல்லாமே தலைகீழ்.

இதில் ஒரு பொறி உண்டு. காற்றுமானி காட்டுவது கப்பலின் வேகமும் கலந்த காற்று. 30 நாட் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு 13 நாட்டில் ஓடினால் டெக்கில் 17 நாட்தான் தெரியும். சட்டைக்கூடப் பெரிதாகப் பறக்காது. அதே கப்பல் திரும்பி நின்றால் 43. திருப்பிய பிறகுதான் காற்று ஏறிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு; அது முன்பே ஏறியிருந்தது. உண்மையான காற்றைக் கணக்கிட்டு மணிக்கு ஒருமுறை எழுதாவிட்டால், காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் சரியாகத் தெரியாது.

செய்தியின் வயதைப் பார்ப்பது இன்னொரு பழக்கம். 2015 அக்டோபர் 1 அன்று பஹாமாஸ் அருகே வாக்கீன் என்ற ஹரிக்கேனில் (அந்தப் பக்கத்து வெப்பமண்டலப் புயலின் பெயர்) எல் ஃபாரோ என்ற சரக்குக் கப்பல் மூழ்கி 33 பேரும் இறந்தார்கள். கேப்டன் நம்பியிருந்த வானிலைத் தொகுப்பு பல மணி நேரம் பழையது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரிய விசாரணை சொன்னது. அதைவிடப் புதிய செய்தி அதே பிரிட்ஜில் செயற்கைக்கோள் டெர்மினலில் வந்திருந்தது. வண்ண வண்ணமாக அழகாகத் தெரியும் படத்தை நம்பி, கறுப்பு எழுத்தில் வரும் செய்தியைப் படிக்காமல் விடும் ஆசை எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. அதனால் எந்தப் படத்தைத் திறந்தாலும் முதலில் நான் தேடுவது அது எந்த நேரத்து அளவீடு என்பதைத்தான். அதுவும் உலகப் பொது நேரத்தில். நள்ளிரவுக்குப் பக்கத்தில் உள்ளூர் நேரமாக மாற்றும்போது தேதி தவறும் வாய்ப்பு அதிகம்.

ஆறு மணி நேரப் பழைய செய்தி என்பது சின்ன விஷயமில்லை. ஒரு நாளில் காற்று 30 நாட் கூடினாலே அதை அதிவேகத் தீவிரமடைதல் என்கிறார்கள். 2015 அக்டோபரில் கிழக்குப் பசிபிக்கில் பட்ரீசியா என்ற புயல் ஏறத்தாழ ஒரே நாளில் சாதாரண வெப்பமண்டலப் புயல் நிலையிலிருந்து உச்ச வகைக்கு ஏறிவிட்டது. பாதையைக் கணிப்பதைவிட வலிமையைக் கணிப்பது இன்றும் கஷ்டம். ஆகவே "இது சின்னப் புயல்தான், அருகே போகலாம்" என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது.

ஒரே புயலுக்கு இரண்டு மையங்கள் இரண்டு வேகம் சொல்வதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அமெரிக்க மையங்கள் ஒரு நிமிடச் சராசரியைத் தருகின்றன. ஜப்பான் வானிலை முகமை 10 நிமிடச் சராசரி. இந்திய வானிலைத் துறை 3 நிமிடம். ஒரு நிமிட எண் எப்போதும் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். ஒரு மையத்தைப் பிடித்துக்கொண்டு அதன் மாற்றங்களைப் பின்தொடர்ந்தால் போதும்.

அலை உயரத்திலும் இதே மாதிரி ஒன்று. முன்னறிவிப்பில் 5 மீட்டர் என்று வருவது அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. அதே கடலில் இடையிடையே அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அலையும் எழும். 1995 ஜனவரி 1 அன்று வட கடலில் டிராப்னர் எரிவாயு மேடையில் பதிவான அலை 25.6 மீட்டர், அப்போது அந்தக் கடலில் மேலே சொன்ன சராசரி உயரம் சுமார் 12 மீட்டர்தான். தென்னாப்பிரிக்கக் கரையோரம் தென்மேற்காக ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டத்துக்கு எதிராகத் தென்மேற்குப் புயற்காற்று அடித்தால் அலை செங்குத்தாகிவிடும். அங்கே நீரோட்டத்தின் மையத்தை விட்டுக் கரைப்பக்கம் ஒதுங்குவது வழக்கம்.

வடக்கே போய்ப் பெயர் இழந்த புயலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வளைந்து திரும்பிய டைஃபூன் (மேற்குப் பசிபிக்கில் வெப்பமண்டலப் புயலின் பெயர்) குளிர்ந்த கடலுக்குப் போனதும் வெப்பமண்டலப் புயல் என்ற தகுதியை இழக்கும். வெப்பமண்டலப் புயலுக்கான எச்சரிக்கைச் செய்திகளும் நின்றுபோகும். பட்டியலில் பெயர் இல்லை என்றதும் ஆள் அசட்டையாகிவிடுவார். உண்மையில் உச்சக் காற்று குறைந்தாலும் பலத்த காற்று வீசும் பரப்பு பெருத்துவிடும். வட பசிபிக்கில் ஒரு கன்டெய்னர் கப்பலில் அப்படி ஒரு மிச்சப் புயலின் ஸ்வெல்லை எதிர்கொண்டு போனோம். அலை நேர் முகப்பில். பக்கவாட்டு அலைதான் கப்பலை உருட்டும், முகப்பில் வாங்கினால் பாதுகாப்பு என்றுதான் எல்லோருக்கும் பழக்கம். கப்பல் முன்னும் பின்னுமாக ஏறி இறங்கியதே தவிர, சாய்வுமானியில் 3, 4 டிகிரிக்கு மேல் இல்லை.

திடீரென்று சாய்வு 8 ஆனது. அடுத்த ஆட்டத்தில் 14. அதற்கடுத்து 20-ஐத் தாண்டி, பிரிட்ஜில் ஒரு நாற்காலி கொக்கியைப் பிய்த்துக்கொண்டு சுவரில் மோதியது. காற்றில் எந்த மாற்றமும் இல்லை, பெரிய அலை எதுவும் வரவில்லை. கேப்டன் சட்டென்று வேகத்தைக் குறைத்து, முகப்பை 30 டிகிரி ஒரு பக்கம் திருப்பினார். சில நிமிடங்களில் ஆட்டம் பழைய நிலைக்கு வந்தது.

நடந்தது இதுதான். கன்டெய்னர் கப்பலின் முகப்பும் பின்புறமும் மேலே அகன்று, நீரடியில் ஒடுங்கி இருக்கும். அலை முகடு நடுக்கப்பலில் இருக்கும்போது நிமிர்ந்து நிற்கும் திறன் குறையும். பள்ளம் நடுவில் வரும்போது கூடும். இந்தக் கூடலும் குறைதலும் கப்பலின் இயல்பான ஆட்ட நேரத்தில் (ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய்த் திரும்ப ஆகும் நேரம்) சரிபாதிக்கு ஒருமுறை நடந்தால், ஊஞ்சலில் நின்று கொண்டு உட்கார்ந்து எழுந்து உந்துபவர் ஆட்டத்தை ஏற்றுவதுபோல ஏறிக்கொண்டே போகும். பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஸ்வெல் 15 விநாடி, அதன் நீளம் சுமார் 350 மீட்டர். கப்பலும் 300 மீட்டருக்கு மேல். 10 நாட் வேகத்தில் எதிர்கொண்டு போனதால் அலையைச் சந்திக்கும் இடைவெளி சுமார் 12 விநாடி. கப்பலின் இயல்பான ஆட்ட நேரம் 24 விநாடி. அச்சாகப் பொருந்திவிட்டது.

1998 அக்டோபரில் ஏபிஎல் சைனா என்ற கப்பல் வட பசிபிக்கில் இப்படித்தான் நூற்றுக்கணக்கான பெட்டிகளை இழந்தது; அதற்குப் பிறகுதான் இந்த ஆட்டம் தீவிரமாக ஆராயப்பட்டது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2007-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இது இருக்கிறது. பயணம் தொடங்கும்போதே கப்பலின் ஆட்ட நேரத்தைப் பிரிட்ஜில் எழுதி ஒட்டிவைத்தால், ஸ்வெல்லை அளந்ததும் இரண்டையும் ஒப்பிடலாம். ஒத்துப்போனால் வேகத்தையாவது திசையையாவது மாற்றி அந்தப் பொருத்தத்தை உடைக்க வேண்டும். சாய்வு ஏறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தயாரிப்பைப் பற்றி நீளமான பட்டியல்கள் எல்லாக் கப்பலிலும் இருக்கின்றன, அவற்றை இங்கே திருப்பி எழுதவில்லை. இரண்டு மூன்று விஷயம் மட்டும். முகப்பில் உள்ள சின்னத் திறப்புகளைக் கடைசியாகப் பார்ப்பது என் பார்வையில் தவறு. 1980 செப்டம்பரில் ஆர்க்கிட் டைஃபூனில் ஜப்பானுக்குத் தெற்கே டெர்பிஷயர் என்ற பிரம்மாண்டமான பிரிட்டிஷ் கப்பல் 44 பேருடன் மூழ்கியது. முகப்பில் உடைந்த காற்றுக்குழாய்கள் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், முகப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, சரக்கு அறையை மூடும் முதல் ஹேட்ச் மூடி அலையின் எடை தாங்காமல் போனது என்பது 2000-இல் முடிந்த மறுவிசாரணையின் முடிவு. முகப்புக்கு ஆளை அனுப்ப முடிகிற நேரம் கம்மி; அலை டெக்கில் ஏறத் தொடங்கினால் யாரையும் அனுப்பக் கூடாது. எனவே போசன் ஸ்டோர் (முகப்பில் சாமான் வைக்கும் அறை) மூடி, காற்றுக்குழாய் மூடிகள், நங்கூரச் சங்கிலி இறங்கும் குழாயின் அடைப்பு மூன்றையும் முந்தின நாளே முடித்துவிட வேண்டும்.

டேங்க்குகள் நிறைந்திருக்க வேண்டும் அல்லது காலியாக இருக்க வேண்டும். பாதி நிறைந்த டேங்க் ஒவ்வொரு சாய்விலும் கப்பலுக்கு எதிராக வேலை செய்யும். 1944 டிசம்பரில் அமெரிக்க மூன்றாம் கப்பற்படை பிலிப்பைன் கடலில் டைஃபூனில் சிக்கியபோது டெஸ்ட்ராயர் வகைப் போர்க்கப்பல்கள் மூன்று கவிழ்ந்து, உயிரிழந்தோர் எண்ணிக்கை சுமார் 790-ஐத் தொட்டது. எரிபொருள் குறைந்து, பல்லாஸ்ட் (கப்பல் நிலையாக நிற்க டேங்க்கில் ஏற்றும் நீர்) போதாமல் லேசாக மிதந்ததும் அவை கவிழ ஒரு காரணம். எஞ்சின் அறையில் கேட்டு உறுதி செய்ய வேண்டியது லூப் ஆயில் (எஞ்சினின் மசகு எண்ணெய்) அளவு. எல் ஃபாரோவில் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றதால் எண்ணெய் உறிஞ்சும் வாய் காற்றை இழுத்து எஞ்சின் நின்றது. அந்த எண்ணெய் தங்கும் சம்ப்பை உயர்ந்த அளவுக்கு நிரப்பி வைக்கச் சொல்வதை டெக் அதிகாரிகள் பலர் தங்கள் வேலை என்று நினைப்பதில்லை.

தூக்கமும் பாதுகாப்புச் சாதனம்தான். கட்டிலின் வெளி ஓரத்தில் மெத்தைக்கு அடியில் லைஃப் ஜாக்கெட்டைச் செருகி, சுவருக்கும் அந்த மேட்டுக்கும் இடையே படுத்தால் உருளாமல் தூங்கலாம். சமையலறையில் கொதிக்கும் எண்ணெய் வேண்டாம். புயலுக்கு முந்தின இரவு நன்றாகத் தூங்கிய ஆள் அடுத்த நாள் சரியாக யோசிப்பார்.

எந்தக் கடலில் எப்போது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அட்லாண்டிக்கில் ஜூன் முதல் நவம்பர், தென் அரைக்கோளத்தில் நவம்பர் முதல் ஏப்ரல், வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் பருவமழைக்கு முன்னும் பின்னும் என இரண்டு பருவம். மேற்கு வட பசிபிக்கில் எந்த மாதமும் நம்ப முடியாது. தென் அட்லாண்டிக்கில் மிக அரிது, ஆனால் 2004 மார்ச்சில் பிரேசில் கரையை ஒன்று தாக்கியது. பூமத்திய ரேகைக்கு 5 டிகிரிக்குள் உருவாகாது என்பதும் பொதுவான உண்மைதான். 2001 டிசம்பரில் வாமேய் என்ற புயல் சிங்கப்பூர் அருகே ஒன்றரை டிகிரியில் உருவாகி அதையும் மீறியது. வங்கக் கடலில் எனக்கு இருக்கும் பயம் வேறு. மூன்று பக்கமும் கரை. ஒதுங்குவதற்குத் திறந்த கடல் கிடைப்பதில்லை. பசிபிக்கில் 300 கடல் மைல் விலகுவது போல அங்கே விலக முடியாது, அதனால் முடிவு இன்னும் முன்னதாக வேண்டும். அரபிக் கடலின் தென்மேற்குப் பருவக்காற்றுக்குப் புயல் என்று பெயரில்லை. ஜூலையில் அதைக் குறுக்கே கடக்கும் கப்பலின் லேஷிங்கை (சரக்கைக் கட்டிய கட்டுகள்) கேட்டால் வேறு மாதிரிச் சொல்லும்.

கடைசியாக, நாம் அனுப்ப வேண்டிய செய்தி. வெப்பமண்டலப் புயலையோ, எச்சரிக்கை இல்லாமல் பியூஃபோர்ட் அளவில் (காற்றின் பலத்தைக் காட்டும் எண்) 10-ஐத் தொடும் காற்றையோ சந்தித்தால் அருகிலுள்ள கப்பல்களுக்கும் கரைக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது சோலாஸ் என்ற கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் உள்ள கட்டாயம். அதற்கும் மேலே, வழக்கமான வானிலைக் குறிப்புகளைப் புயலுக்கு அருகில் இருக்கும்போது நிறுத்தாமல் அனுப்புவது நல்லது. செயற்கைக்கோள் மேகத்தைப் பார்க்கிறது. நடுக்கடலில் மேற்பரப்பின் அழுத்தத்தை நேரடியாகச் சொல்லப் பெரும்பாலும் கப்பல்களும் மிதவைகளும்தான் இருக்கின்றன. கையிருப்பில் உள்ள எண் கடல் மட்டத்துக்குத் திருத்தியதா இல்லையா என்பதைக் குறிப்பேட்டில் எண்ணின் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். ஏற்கெனவே திருத்திய எண்ணை வாட்ச் (பணி முறை) மாறி வந்தவர் இன்னொரு தடவை திருத்தி அனுப்பினால் 4 மில்லிபார் கூடிப்போகும். கரையில் இருப்பவர் அந்த இடத்தில் அழுத்தம் இறங்கவே இல்லை என்று நினைத்துக்கொள்வார்.